கதவோரத்துச் சீட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிர்ந்து விழட்டும்!

ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு வரும் விமானம். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் மாசிலாமணிக்கு, ஆபத்தில் திறக்கிற கதவுக்குப் பக்கத்துச் சீட்டு. அங்கேதான் தாராளமாகக் கால் நீட்டலாம். அவன் உயரத்துக்கு வேறு சீட்டென்றால், ஒரு காலைக் கழற்றி மேலே பெட்டியோடு வைக்கவேண்டும்.

அந்தச் சீட்டில் கல்யாண மண்டப முதலாளி பொன்னுரங்கம் சாய்ந்து கிடந்தார். வரிசையில் நிற்கச் சோம்பி, ஊன்றுகோல் பிடித்த ஓர் அம்மாளுக்கு வந்த சக்கர நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறிய புண்ணியவான் அவர். நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது!

“ஐயா, இது என் சீட்டு” என்றான் மாசிலாமணி.

“எனக்கு மூட்டுவலிடா! கூலிக்காரப் பயலுக்குக் கால் நீட்ட இடம் கேக்குதோ? கடைசியில என் சீட்டு இருக்கு, அங்க போய் மடங்கிக் கிட!”

பணிப்பெண் என்ன செய்வதென்று தயங்கினாள். மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டான்.

“பாவம்மா, ஐயாவால எழுந்து நிக்கவே முடியாது. சக்கர நாற்காலியில வந்தவரு. ஆபத்துன்னா இந்தக் கதவை யாரும்மா திறக்கிறது?”

“ஆமா சார், நடக்க முடியாதவங்க இங்க உட்காரக் கூடாது” என்றாள் அவள்.

பொன்னுரங்கம் துள்ளி எழுந்தார். “யாருக்கு முடியாது? தினம் அஞ்சு மைல் நடக்கிறவன் நான்!” நடைபாதையில் குதித்தே காட்டினார். ஊன்றுகோல் அம்மாள் உட்பட விமானமே பார்த்தது.

“அப்ப நடங்கய்யா” என்றான் மாசிலாமணி. “உங்க சீட்டு கடைசியிலதான்.”

இதை நான் சொன்னதாக எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தப் பொன்னுரங்கம் என் சம்பந்தி.