டெபாசிட்டுக்குத் தெரிந்த முகம்

அடுத்தவன் காசைப் பூட்டி வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறீரே, பேங்க் மேனேஜரே, உம்மைத்தான் கேட்கிறேன். இது எந்த ஊர் நியாயம்?

மஸ்கட்டில் வெல்டிங் வேலை பார்க்கும் இசக்கிமுத்துவின் மனைவிக்கு நாளை ஆபரேஷன். கணக்கில் பணம் இருக்கிறது. ஓடிபி மட்டும் செத்துப்போன பழைய நம்பருக்குப் போகிறது. ஊர் பேங்க் மேனேஜருக்குப் போன் போட்டான்.

“நேர்ல வந்தாத்தான் நம்பர் மாத்துவேன். நீதான் இசக்கிமுத்துன்னு நான் எப்படி நம்புறது?”

இசக்கிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டான். “சரி சார். பத்து லட்சம் டெபாசிட் போடலாம்னு இருந்தேன்.”

“அடடே, வீடியோவுல வாங்க சார். முகத்தைப் பாத்து இப்பவே முடிச்சிடலாம்.”

வந்தான். மேனேஜர் கம்ப்யூட்டரில் இருந்த போட்டோவோடு ஒத்துப் பார்த்து, “நீங்களேதான்” என்று சிரித்தார்.

“போடும்போது நானேதான், எடுக்கும்போது எவனோவா? பேசுனது அத்தனையும் ரெக்கார்டு ஆயிருக்குவே. இதே முகத்துக்கு நம்பரை மாத்தும். மாத்திட்டுப் போனை வையும்.”