காற்றுக் கரண்டு இட்லி

காற்றுக் கரண்டில் அரைத்த மாவு பொங்குமா, பொங்காதா? சொல்லுங்கள் பார்ப்போம்!

"பொங்காது" என்றார் பணகுடி செண்பகராமன் முதலாளி. மருமகன் மாடியில் மாட்டிய காற்றாலை சும்மா சுற்றும். கீழே குழாய் கேஸில் ஓடும் ஜெனரேட்டர் காது கிழியக் கத்தும். அந்த வீட்டில் எல்லோரும் அலறித்தான் பேசுவார்கள். சமையல்காரி வடிவின் கைப்பிள்ளை தூங்காமல் அழும்.

"காற்றாலைக்கு மாத்திருங்க முதலாளி!" என்று கத்தினாள் வடிவு.

"ஏட்டி, அந்தக் கரண்டுல மாவாட்டி, இப்போ அவிக்குத மாதிரியே இட்லி அவிச்சுக் காட்டு. மாத்துதேன்!"

மறுநாள் காலை முதலாளி ஆறு இட்லியை உள்ளே தள்ளினார். "பஞ்சு! கேஸ் கரண்டுன்னா கேஸ் கரண்டுதான்."

"அப்படியா முதலாளி? இன்னைக்கு நாம யாருமே கத்தாம பேசுதோமே, கவனிச்சீங்களா?"

முதலாளி காதைத் தீட்டினார். மின்விசிறி சுற்றியது, ஜெனரேட்டர் மூச்சுவிடவில்லை.

"எப்படி மாத்தினே?" என்று பழைய பழக்கத்தில் அலறினார்.

"நேத்து ராத்திரி மாவாட்டும்போதே உங்க மருமகன் மாத்திக் குடுத்தாவ" என்ற வடிவு, தொட்டிலைக் காட்டினாள். "மெள்ளப் பேசுங்க முதலாளி, பிள்ளை தூங்குது."