மாசிலாமணி சாரின் இடப்பக்கம்

மாசிலாமணி சார் அந்தக் கதையைப் பல வருடங்களாக நம்பவில்லை.

கதை இதுதான். கடலோரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கும் ஜெபக்கனி டீச்சர், பிள்ளைகளின் நோட்டை இரண்டாகப் பங்கு போட்டிருக்கிறார். வலப்பக்கம் டீச்சருடையது, நடத்தும் பாடம் அதில் ஏறும். இடப்பக்கம் பிள்ளையுடையது. பாடம் கேட்டபோது மனதில் என்ன ஓடியதோ அதை எழுதலாம், வரையலாம், கேட்கலாம். என்ன எழுது என்று டீச்சர் சொல்லவே மாட்டாராம். ஆனாலும் ஓர் இடப்பக்கம்கூடக் காலியாகக் கிடக்காதாம்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்வார்கள். சொன்னவர் யாரும் அந்தப் பள்ளியை எட்டிப் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் தூங்கிவிடாமல் இருக்கச் சொல்லும் கதை என்று மாசிலாமணி பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுப்பார்.

அப்புறம் அவர் பள்ளிக்கே உத்தரவு வந்தது. இந்த வருடம் முதல் எல்லா நோட்டிலும் இடப்பக்கம்.

முதல் வாரம் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

சரி, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று கரும்பலகையில் ஓர் உதாரணம் எழுதிப் போட்டார்: ‘வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று எனக்கு வியப்பாக உள்ளது.’ மறுநாள் வகுப்பு முழுவதும் வானத்தைப் பார்த்து வியந்திருந்தது. அவர் பலகையில் போட்ட அடிக்கோடு உட்பட.

படமாவது வரையுங்களேன் என்றார். செரிமான மண்டலத்துக்கு எதிரே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம்.

மதிப்பெண் உண்டு என்றார். அதுதான் பெரிய வினையாகப் போயிற்று. கடையில் பிரிண்ட் எடுத்த படங்கள் ஒட்டப்பட்டு நோட்டுகள் வீங்கின. ஒருத்தி நோட்டில் அவள் அம்மாவின் கையெழுத்து வியந்திருந்தது.

ஓய்வுபெற அவருக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். இத்தனை வருடம் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள், எழுதியதைப் படித்தார்கள், தேறினார்கள். ஜெபக்கனி டீச்சரின் கதை பொய்யென்றால் அவர் நிம்மதியாகப் பழையபடி நோட்ஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மெய்யென்றால், அந்தப் பிள்ளைகளை எல்லாம் அவர் என்னதான் செய்து வைத்திருக்கிறார்?

தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நோட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஜெபக்கனி டீச்சருக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. மூட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“என்ன சார், துணி விக்க வந்தவர் மாதிரி நிக்கீங்க.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையை அவிழ்த்து வகுப்பறை மேசைமேல் பரப்பினார். வெள்ளைப் பக்கம், வானம், மலை, ஒட்டுப் படம், அம்மாவின் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகக் காட்டி, கழுதையிடம் வேதம் ஓதுவதுபோல் ஆகிவிட்டது தன் பிழைப்பு என்று புலம்பினார். டீச்சர் ஒரு நோட்டையும் எடுத்துப் பார்க்கவில்லை.

“நீங்க என்ன சொல்லி எழுத வைக்கீங்க? அத மட்டும் சொல்லுங்க. நான் போயிருதேன்” என்றார் மாசிலாமணி.

மணி அடித்தது. டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சைக் காட்டினார். புது நோட்டு ஒன்றை அவர் கையில் வைத்தார்.

அன்றைக்கு ஆவியாதல் பாடம். மாசிலாமணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விசேஷமாக ஒன்றும் வரவில்லை. கடல்நீர் வெயிலில் காய்கிறது. நீர் மட்டும் ஆவியாகி மேலே போகிறது. உப்பு கீழே தங்கிவிடுகிறது. அவர் சொல்வதும் இதையேதான், ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான். சொல்லப்போனால் அவருடைய படம் இதைவிட நன்றாக இருக்கும்.

பாடம் முடிந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். பேசவில்லை.

இடப்பக்கத்தை எடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. ஒருத்தி பென்சில் சீவினாள். ஒருவன் கொட்டாவி விட்டான். இருவர் எதையோ எழுத ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். டீச்சரும் சும்மா இருந்தார்.

மாசிலாமணியின் வகுப்பில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இப்படிச் சத்தமில்லாமல் போனதில்லை. போக விட்டதில்லை. எழுந்து போய் ஒரு உதாரணமாவது எழுதிப் போடலாமா என்று கை துறுதுறுத்தது. பாதி எழுந்தும்விட்டார். டீச்சர் அவரைப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டார்.

செய்ய ஒன்றுமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்பெஞ்சுகளின் நோட்டுகளை எட்டிப் பார்த்தார்.

காலி. அதற்கடுத்ததும் காலி.

மறுபடி மணி அடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு நேராக டீச்சரிடம் போனார்.

“டீச்சர், பாதிப் பேர் பக்கம் காலியாத்தான் கெடக்கு.”

“ஆமா சார்.”

“ஒரு பக்கம்கூடக் காலியா இருக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லுதாங்களே.”

“நான் சொல்லலியே.”

“மதிப்பெண் போட்டா எழுதுவாங்கள்லா?”

“அது அவங்க பக்கம் சார்.”

இதற்காகவா பஸ் ஏறி வந்தோம் என்று அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே நிம்மதியும் வந்தது. கதை பொய். இத்தனை வருடமாக அவர் சந்தேகப்பட்டதுதான் சரி. நாளைக்கே பழையபடி நோட்ஸ் கொடுக்கலாம், அதற்கப்புறம் ஓய்வு. டீச்சருக்கு நன்றி சொல்லிவிட்டு நோட்டுகளை அடுக்கி மூட்டை கட்டினார்.

முடிச்சுப் போடும்போதுதான் பார்த்தார். வெள்ளைச் சட்டையின் கையில் செம்பழுப்பாய்த் துரு. ஜன்னல் கம்பியில் உரசியது. தட்டினார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். பரவியதுதான் மிச்சம்.

வாசல்வரை போனார்.

நின்றார். திரும்பிக் கடைசி பெஞ்சுக்கு நடந்து, அந்தக் கம்பியை விரலால் சுரண்டிப் பார்த்தார். இரும்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விரலை நாக்கில் வைத்தார்.

கரித்தது.

ஜெபக்கனி டீச்சர் அடுத்த வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாசிலாமணிக்குத் தெரியும். மூட்டையைப் பெஞ்சில் வைத்தார்.

“டீச்சர், ஒரு நிமிசம். தண்ணி மட்டும்தான் ஆவியாவும், உப்பு கீழயே தங்கிரும்னு நானும் இத்தன வருசமாச் சொல்லிக்குடுக்கேன். அப்ப இந்தக் கம்பியில உள்ள உப்பு, கடல்ல இருந்து எப்படி இங்க வந்துது?”