நாற்பது பேர் சொன்ன வணக்கம்

"டீச்சர், அந்தப் பிள்ளைக்கு என்னைக் கண்டாலே ஆகல. வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம்."

சொன்னவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் கிருபாகரன். பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் கழித்தவர். கேட்டவர் அமலி டீச்சர். அவருக்கு வயதே இருபத்தேழுதான். தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்காக வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வந்துபோகும் சிறப்பாசிரியை.

"ஜெசிமா என்ன பண்றா சார்?"

"நான் வகுப்புல கால் வெச்சதும் பெஞ்சுக்கு அடியில போயிடுறா. காதைப் பொத்திக்கிட்டு முன்னும் பின்னும் ஆடுறா. பத்தரை மணிக்குத்தான் வெளிய வர்றா. அதுக்குள்ள கணக்குப் பாடம் முடிஞ்சிடுது."

ஜெசிமா ஆட்டிசம் உள்ள பிள்ளை. கணக்கென்றால் அவளுக்கு உயிர். அந்தப் பாடம்தான் தினமும் அவளுக்குக் கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அதட்டினீங்களா?"

"சத்தியமா இல்ல. மிட்டாய்கூட வாங்கிக் குடுத்துப் பார்த்தேன்." "எந்தப் பிள்ளையும் இதுவரைக்கும் என்னைப் பார்த்து ஒளிஞ்சதில்ல டீச்சர்."

பாவம், மனிதர் நொந்துபோயிருந்தார். டீசி வாங்கிக்கொள்ள நாளைக்கு வரும்படி ஜெசிமாவின் அம்மாவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். வேறு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். பிள்ளை வீட்டோடு நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

"நாளைக்கு நானும் வர்றேன்," என்றார் அமலி. "பிள்ளை அம்மாகூட வெளிய இருக்கட்டும். அவ இடத்துல நீங்க உக்காருங்க. உங்களுக்குப் பதிலா நான் உள்ள வர்றேன்."

"நானா? பெஞ்சுலயா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

"உக்காந்து பாருங்க."

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் என்று கிருபாகரன் மனசுக்குள் வைதுகொண்டார். ஆனாலும் மறுநாள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அமலி வாசற்படியைத் தாண்டினார்.

நாற்பது பேரும் எழுந்தார்கள்.

"கா...லை வ...ணக்கம் டீச்ச...ர்!"

தகரக் கூரை அதிர்ந்தது. பின்னால் நின்றவன் சரியாகக் கிருபாகரனின் காதருகே கத்தியிருந்தான்.

"சத்தம் பத்தல. மறுபடி!" என்றார் அமலி.

அது கிருபாகரனின் வசனம். வருஷக்கணக்காக ஒவ்வொரு காலையும் அவர் சொல்வது; வாரம் ஒருமுறை வரும் அமலிக்கும் அது மனப்பாடம். பிள்ளைகள் உற்சாகமாக இருக்கவேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்த வணக்கம் அது. ஆனால் அதை அவர் இதுவரை வாசற்படியில் நின்றுதான் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது வணக்கம் முடிந்தபோது அவர் இரண்டு கைகளும் காதுகளின் மேல் இருந்தன.



"அப்போ என் மேல வெறுப்பில்ல," என்றார் கிருபாகரன் மெதுவாக. கண் கலங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

எழுந்தார். பிள்ளைகளைக் கிட்டே கூப்பிட்டு என்னவோ கிசுகிசுத்தார். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்கள். அமலி போய் ஜெசிமாவை அழைத்துவந்து அவள் இடத்தில் உட்காரவைத்தார். அம்மா வாசலிலேயே நின்றாள்.

கிருபாகரன் வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தார்.

ஜெசிமாவின் கைகள் காதுக்குப் போயின.

நாற்பது பேர் எழுந்தார்கள். கும்பிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. முன் வரிசையில் ஒருத்திக்கு மட்டும் சிரிப்புத் தாங்காமல் தோள் குலுங்கியது.

ஜெசிமா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கையை இறக்கினாள். பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்து வைத்தாள்.

வாசலில் நின்ற அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், டீசி எப்ப வாங்கிக்கணும்?"

கிருபாகரன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"யாருக்கும்மா?"