அரைஞாண் ஊக்கு

சுடலைமுத்து ஆசிரமத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபத்திமூன்று வயது. அரிசி ஆலையை மகன்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வேட்டியோடு வந்து சேர்ந்தார். அங்கே குருவாக இருந்த பூரணத்தம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இவர் அவரை ‘அம்மா’ என்பார். அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

நாற்பத்தெட்டு நாள் விடியலில் தாமிரபரணியில் தலைமுழுகியவர்களுக்கு அம்மாள் காவி கொடுப்பது வழக்கம். மூன்று முழுக்கு போதும். சுடலைமுத்து முப்பது போடுவார். எதையும் அளவோடு செய்து அவருக்குப் பழக்கமில்லை.

நாற்பத்தோராம் நாள் வலது காதில் சீழ் வந்தது. டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்துப் புட்டியோடு அம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“மூணு வேளை சொட்டு மருந்து, ஏழு நாளைக்கு. வலி நின்னாலும் நிறுத்தக் கூடாதாம். காதுல ஒரு பொட்டுத் தண்ணி படக் கூடாதாம்.” கொஞ்சம் தயங்கி, “குடையவும் கூடாதாம்” என்றார்.

“அப்படியே செய்யுங்க.”

“விரதம் என்னம்மா ஆகும்? இன்னும் ஏழே நாளுதான். ஆலைய விட்டேன். வீட்ட விட்டேன். காப்பியக்கூட விட்டுட்டேன். காவி கட்ட இன்னும் என்னத்த விடணும்?”

அம்மாள் கையை நீட்டினார். “அரைஞாண்ல ஒரு ஊக்கு தொங்குதுல்லா? அதக் குடுங்க.”

முப்பது வருஷத்து ஊக்கு அது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு தூணில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஊக்கால் காதைக் குடைவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரியும் நிறைவு தியானத்தில் ஒருநாளும் தெரிந்ததில்லை.

“இது வெறும் ஊக்குதானம்மா.”

“வெறும் ஊக்குதான். குடுங்க.”

கழற்ற நேரம் பிடித்தது. ஆலைப் பத்திரத்தில் அவர் இதைவிடச் சீக்கிரம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“ஏழு நாள் காதத் தொடாம இருங்க. மிச்ச விரதம் அதுதான்.”

“அவ்வளவுதானா?” என்றார் சுடலைமுத்து. அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

அம்மாள் மருந்துப் புட்டியை உள்ளங்கைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பொத்திக்கொண்டார். “சில்லுன்னு விட்டா தலை சுத்தும். ஒருக்களிச்சுப் படுங்க.”

சொட்டு உள்ளே இறங்கியது.

“அஞ்சு நிமிஷம் அசையக் கூடாது.”

“ஆச்சாம்மா?”

“இப்பதான விட்டேன்.”

சற்றுப் பொறுத்து மறுபடியும், “ஆச்சா?”

“இல்ல.”

சமையல் செய்யும் அம்மா பரிதாபப்பட்டு, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கரண்டியில் கொண்டுவந்தார். “தோசைக்கு ஊத்துங்க, நல்லா இருக்கும்” என்று திருப்பி அனுப்பினார் அம்மாள். வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு, கழுத்துக்குக் கீழேதான் குளிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“தலை நனையாம அது என்ன குளியல்?” என்று முணுமுணுத்தபடி சுடலைமுத்து குளித்தார்.

நாலாம் நாள் வலி போய்விட்டது. அரிப்பு வந்தது. வலியையாவது பல்லைக் கடித்துத் தாங்கிவிடலாம். இந்த அரிப்பு அவரைக் கெஞ்சியது. மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனார். அரை நிமிஷம் சொர்க்கத்தில் இருந்தார். வெளியே எடுத்தபோது ஈர்க்கின் நுனி சிவந்திருந்தது.

மாலைக்குள் வலி திரும்பிவிட்டது. மறுநாள் டாக்டர் காதைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், “மறுபடியும் முதல்லேருந்து ஏழு நாள்” என்றார்.

திரும்பி வந்தவர் எதையும் மறைக்கவில்லை. “ஆலைய ஒரே நாள்ல விட்டேம்மா. ஒரு ஈர்க்க விட முடியல. நான் எதுக்கும் லாயக்கில்ல.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மாள் புட்டியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

“படுங்க அண்ணாச்சி. இன்னைக்கு முதல் நாள்.”

இந்த முறை அவர் சாப்பிட்டதும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அரிப்பு வரும், உச்சிக்கு ஏறும், யாரும் கண்டுகொள்ளாததால் அதுவாகப் போய்விடும். போய்விடுகிறது என்பதே அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ஆறாம் நாள் சொட்டு விட்ட பிறகு அவரிடமிருந்து ‘ஆச்சா?’ என்ற கேள்வி வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று அம்மாள் குனிந்து பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது.

“எந்திரிங்க அண்ணாச்சி. அஞ்சு நிமிஷம் எப்பவோ ஆச்சு.”

“ஆயிடுச்சா?” என்றார் அவர்.

ஏழு நாள் முடிந்ததும் டாக்டர் காது ஆறிவிட்டது என்றார். சுடலைமுத்து நேராக அம்மாளிடம் வந்தார்.

“முழுக்கு பாதியில நின்னு போச்சும்மா. காவி இப்ப வேண்டாம். தலை முழுகலாம்னு டாக்டர் சொன்ன பெறவு ஒண்ணாம் நாள்லேருந்து தொடங்குதேன். மூணு முழுக்கு மட்டும்.” அதைச் சொல்வதில் அவருக்கு வருத்தமே இல்லை.

அம்மாள் உள்ளே போய், மடித்த காவி வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். வேட்டி முனையில் அவருடைய ஊக்கு குத்தியிருந்தது.

“இத ஏம்மா திருப்பித் தாறீங்க?”

“உங்களோடதுதான அண்ணாச்சி.”

அவர் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து வலது காதுக்குள் குறுகுறுவென்றது. வலது கை எழுந்தது. தோள் வரைக்கும் வந்து அங்கேயே நின்றது.

அம்மாள் கவனித்துவிட்டார்.

“அரிக்குதா?”

“அரிக்குதும்மா.”

“அரிக்கட்டும்.”