யாரும் குடியேறாத மணல்திட்டு

கினிக்கோழி லாமிக்கு வடக்குப் புல்வெளி அலுத்துப்போனது. மேற்கு ஆப்பிரிக்காவில் அது வாழ்ந்த நாட்டின் வடக்கே ஒரே புழுதி, தெற்கே கடல். பாலைவனத்துக் காற்று வீசத் தொடங்கினால் எதிரே வருவது நரியா நண்பனா என்றுகூடத் தெரியாது. போன வருஷம் லாமி இட்ட முட்டைகள் எல்லாம் வறட்சியில் வீணாகிவிட்டன. இந்தத் தடவையாவது ஒரு குஞ்சின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அது கடற்கரைக்கு நடையைக் கட்டியது.

அதே யோசனை நாட்டில் எல்லாருக்கும் வந்திருந்தது. கடற்கரைத் தென்னைமேட்டில் கால் வைக்க இடமில்லை. கிளைக்குக் கிளை குரங்கு, வேருக்கு வேர் எலிக் குடும்பம். மழையோ கொட்டு கொட்டென்று கொட்டியது. யாரோ ஒருவர் வீட்டு வாசலில், யாரோ ஒருவர் வாலுக்கடியில், லாமி நனைந்துகொண்டு நின்றது.

பிறகு மழை நின்றது. மேட்டுக்குக் கீழே உப்பங்கழியில் தண்ணீர் வடிந்து, அகலமாய் ஒரு மணல்திட்டு தலைகாட்டியது. மெத்தை மாதிரி மணல். ஒரு ஈ காக்கை இல்லை. ஊரே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க இது சும்மா கிடக்கிறதே, இந்த ஊரில் எல்லாருமே மக்குதான் போலிருக்கிறது என்று லாமி அதில் கூடு போட்டது.

மேட்டில் ஒண்டுக்குடித்தனம் நடத்திய நண்டு அந்தப் பக்கம் இரை தேடி வந்தது.

"தங்கச்சி, இங்கேயா முட்டை வைக்கப் போறே? மழை வந்து..."

"மழை போயாச்சு அண்ணே. நின்னா இனி அடுத்த வருஷம்தான். எனக்குத் தெரியாத மழையா?"

மழை எப்படி வரும், எப்போது போகும் என்று லாமி அதற்கு விலாவாரியாக எடுத்துச் சொன்னது. எல்லாம் வடக்கத்தி மழை. நண்டு நடுநடுவே வாயைத் திறந்து பார்த்தது. இடைவெளி கிடைக்கவில்லை. பக்கவாட்டில் நடந்து போய்விட்டது.

லாமி முட்டையிட்டு அடைகாத்தது. முட்டைக்குள்ளே குஞ்சுகள் அசைவது வயிற்றில் பட்டபோது அதற்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

தெற்கே மழை வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். நடுவில் கொஞ்சம் ஓய்வெடுக்கும், அவ்வளவுதான். ஓய்வு முடிந்து மழை திரும்பி வந்தது. உப்பங்கழி பொங்கி மணல்திட்டில் ஏறியது. லாமி சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது. தண்ணீர் அடியில் புகுந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. லாமி போட்ட அலறலில் மேடே எழுந்து நின்றது.

நண்டு ஓடி வந்து, மிதந்து போன ஒரு முட்டையைக் கொடுக்கால் அணைத்து மேட்டுக்கு உருட்டியது. எலிகள் நகர்ந்தன. குரங்குகள் வாலைச் சுருட்டிக்கொண்டன. அந்த நெரிசலில் ஒரு கோழி உட்காரும் அளவுக்கு இடம் பிறந்தது.

ஒற்றை முட்டைமேல் உட்கார்ந்து லாமி விம்மி விம்மி அழுதது.

"அண்ணே, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன் தங்கச்சி. நீ எனக்கு மழையைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தே" என்றது நண்டு.

நெருக்கடியான ஊரில் ஓர் இடம் மட்டும் காலியாகக் கிடந்தால், அது ஏன் காலியாக இருக்கிறது என்று அந்த ஊர்க்காரரைக் கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.