நீலம் வரவேண்டிய குப்பி

குப்பியில் சிவப்பைக் கண்டதும் இளவேனில் விளக்கை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள்.

புற ஊதா விளக்கில் காட்டினால் நீலமாக ஒளிர வேண்டிய சாயம் அது. நான்கு வருடமாக நீலமாகத்தான் ஒளிர்ந்து வந்தது. நாளை காலை ஆய்வுக் குழுவின் முன் அதைக் காட்ட வேண்டும்.

சாயத்தூளைத் தயாரித்தவள் நஸ்ரின். ஆய்வகத்தில் சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஜூனியர். அவளை நீக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு, பேராசிரியர் சௌந்தராவின் அறைக்கு ஓடினாள் இளவேனில்.

"மொத்தத் தூளையும் கெடுத்துட்டா மேடம். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

மேடம் கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"குப்பியை யார் கழுவினது?"

"நான்தான். அதை அவகிட்ட விடுவேனா? ஆல்கஹால்ல மூணு தடவை அலசினேன்."

"ஓவன்ல காய வச்சியா?"

"நேரமில்ல மேடம். அடியில கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும். அதுல என்ன?"

மேடம் எழுந்து, அவளையும் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தார். ஓவனில் காய்ந்த ஒரு குப்பியை எடுத்து ஆற வைத்தார். நஸ்ரின் செய்த அதே தூள். அதைக் கரைக்கும் அதே டொலுயீன். விளக்கின் கீழ் பிடித்தார்.

நீலம்.

இளவேனில் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள்.

மேடம் அதில் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நீலம் கத்தரிப்பூ நிறமாகி, பிறகு சிவந்தது.

"தூள் கெட்டுப்போச்சா?"

"இல்ல," என்றாள் இளவேனில். "ஹைட்ரஜன் பிணைப்பு. ஆல்கஹாலோட ஹைட்ரஜன், சாயத்தோட ஆக்சிஜனைப் பிடிச்சுக்குது. அதனால வெளிவிடற ஒளி மாறிடுது."

"சாயம் வேற பொருளாயிடுச்சா?"

"இல்ல மேடம். அதே சாயம்தான். என் ஆய்வேட்டோட மூணாவது அத்தியாயமே இதுதான்."

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கே."

அவள் விளக்கை அணைத்தாள்.

"தப்பு என்னோடதுதான் மேடம். ஆனா கடிதத்துல மத்ததெல்லாம் நிஜம். அவளுக்குக் கை நடுங்கும். பைப்பெட்டைக் கீழே போடுவா. ஒண்ணு கேட்டா வாயைத் திறக்க மாட்டா. அவ சுபாவமே அதுதான்."

மேடம் கண்ணாடித் தடுப்பைக் காட்டினார். அந்தப் பக்கம் நஸ்ரின் இரண்டு எம்.எஸ்சி. மாணவிகளுக்குப் பைப்பெட்டில் திரவம் அளக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, மருந்து ஊத்தற மாதிரி ஊத்தாதடி! மூச்சை விட்டுட்டு, மெதுவா!"

மூவரும் சிரித்தார்கள். அளவுக்கோட்டில் திரவம் அசையாமல் நின்றது. நஸ்ரினின் கையும்தான்.

அவள் சிரித்து இளவேனில் இதுவரை கேட்டதில்லை.

மேடம் கடிதத்தை இளவேனிலிடமே நீட்டினார்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கை நடுங்குதுன்னு எழுதியிருக்கே. யார் பக்கத்துல நிக்கும்போதுன்னு எழுதலையே."